கம்பத்தில் ஏற யாருக்கு உரிமை?

நாற்பது வயதைக் கடந்த பெண்கள் எஃகுக் கம்பத்தைப் பிடித்து ஏறுகிறார்கள். தொடையால் கம்பத்தைக் கவ்விக்கொண்டு கைகளை விடுகிறார்கள். தலைகீழாகத் தொங்குகிறார்கள். உடல் வலுவுக்காகச் செய்யப்படும் ‘போல் டான்ஸ்’ இது. மும்பை, பெங்களூரு போன்ற நகரங்களில் இதற்குக் கட்டண வகுப்புகள் நடக்கின்றன. இதை விளையாட்டாக நடத்தும் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒன்று 2009இல் தொடங்கப்பட்டது. 2017இல் பன்னாட்டு விளையாட்டுக் கூட்டமைப்புகளின் தலைமை அமைப்பு அதற்குப் பார்வையாளர் தகுதி கொடுத்தது. அதன் போட்டிகளில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும் தனிப் பிரிவுகள் இருக்கின்றன.

இதைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மிடையே இரண்டு குரல்கள் கேட்கும். “பண்பாட்டுச் சீரழிவு, ஆபாசம்” என்பது ஒன்று. “மேட்டுக்குடிப் பெண்களின் பொழுதுபோக்கு, நமக்கு இதில் என்ன வேலை?” என்பது மற்றொன்று. இரண்டாவது குரல் சாதி ஒழிப்பு பேசும் தோழர்களிடமிருந்தும் வருகிறது. நாடோடிக் கலைச் சமூகங்களைப் பற்றி ஆய்வு செய்பவள், கம்பம் பள்ளத்தாக்கில் ஏலக்காட்டுக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் கூலிக்குப் போகும் குடும்பத்தில் பிறந்தவள் என்ற முறையில், இரண்டு குரல்களுமே முக்கியமான ஒன்றைப் பார்க்கத் தவறுகின்றன என்று சொல்ல விரும்புகிறேன். கம்பத்தில் ஏறுவது பிச்சையா, ஆபாசமா, மரபா, உடற்பயிற்சியா என்பதை இந்த நாட்டில் ஏறுகிறவரின் சாதிதான் முடிவு செய்கிறது.

எங்கள் பள்ளத்தாக்கிலிருந்தே தொடங்கலாம். இங்கே ஊருக்கே கம்பம் என்றுதான் பெயர். தேனிக்கு அருகே வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலில் சித்திரைத் திருவிழாவுக்கு முன்பு கம்பம் நடுவார்கள். பெண்கள் வரிசையில் நின்று அதற்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊர்த் திருவிழாக்களில் வழுக்குமரம் உண்டு. அதில் ஏறுவது இளவட்டங்கள், ஆண்கள் மட்டும். பெண் கம்பத்தில் ஏறி நம் ஊர் பார்த்திருக்கிறது என்றால் அது கழைக்கூத்தாடிகளின் மூங்கிலில்தான். நான் சிறுமியாக இருந்தபோது சந்தை நாளிலும் திருவிழாவிலும் அவர்கள் வருவார்கள். தகப்பன் தப்பு அடிக்க, ஒரு சிறுமி கழையில் ஏறுவாள், கயிற்றில் நடப்பாள். கீழே தாய் துண்டை விரித்து வைத்திருப்பாள். காசு விழும். “பாவம், வயித்துப் பொழப்பு” என்று சொல்வார்கள். அந்தச் சிறுமியின் தோளும் இடுப்பும் பாதமும் எத்தனை ஆண்டுப் பயிற்சியில் அப்படி ஆயின என்று யாரும் கேட்டதில்லை. அதை உடற்பயிற்சி என்றோ விளையாட்டு என்றோ யாரும் சொன்னதில்லை. ‘கூத்தாடி’ என்பது இன்றும் நம் மொழியில் வசவுச் சொல்.

இந்தக் கலை நேற்று வந்ததல்ல. கயிற்றின்மேல் ஆடுகிறவர்களின் பறையொலியைக் குறுந்தொகையின் ஏழாம் பாடல் உவமையாகச் சொல்கிறது. சங்கப் பாடலில் இடம் இருந்தும் சமூகத்தில் இடம் கிடைக்கவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கும் இனக்குழுக்களை எல்லாம் சந்தேகத்துக்குரியவர்களாகப் பார்த்த குற்றப் பழங்குடிச் சட்டம் 1871இல் வந்தது. 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் அது கடுமையாகச் செயல்படுத்தப்பட்டது. இந்திய அளவில் 1952இல்தான் நீக்கப்பட்டது. தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலில் கழைக்கூத்தாடிச் சமூகமான தொம்மரின் பெயர் இன்றும் இருக்கிறது. பட்டியலில் பெயர் இருக்கிறதே தவிர, அவர்களுடைய உடலறிவுக்கு எந்த விளையாட்டு ஆணையத்திலும் பெயர் இல்லை.

இனி மராட்டியத்துக்குப் போவோம். அங்கே மல்லகம்பம் இருக்கிறது. தேக்கு மரத்தில் செய்த, மேலே போகப்போகச் சிறுத்துச் செல்லும் கம்பம். விளக்கெண்ணெய் தடவி ஏறுவார்கள். இன்றைய வடிவத்தில் அதை வளர்த்தெடுத்தவர் என்று பாலம்பட்ட தாதா தேவ்தர் என்ற பார்ப்பன ஆசிரியரைச் சொல்கிறார்கள். அவர் இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவின் உடற்பயிற்சி ஆசான். 1818 ஜனவரி 1 அன்று பீமா கோரேகானில் மகர் வீரர்கள் இருந்த படையை எதிர்கொண்டது அதே பேஷ்வாவின் படைதான். பேஷ்வாக்களின் ஆட்சியில் தீண்டாமை எப்படிக் கடைப்பிடிக்கப்பட்டது என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த அரண்மனை வழியாக வந்த கம்பம் இன்று தேசிய மரபு. மத்தியப் பிரதேசம் 2013இல் அதை மாநில விளையாட்டாக அறிவித்தது. கேலோ இந்தியா போட்டிகளில் அதற்குப் பதக்கம் உண்டு. தமிழ்நாட்டில் விழுப்புரம் இதற்குப் பெயர் பெற்றது. இங்கும் மல்லர் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பழம்பெருமை பேசுகிறோம். பிள்ளைகள் நன்றாகச் செய்கிறார்கள், ஏழை வீட்டுப் பிள்ளைகளும் பதக்கம் வாங்குகிறார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சியே.

ஆனால் அதே மராட்டியத்தின் இன்னொரு சட்டத்தையும் பாருங்கள். 1959ஆம் ஆண்டு பம்பாய் பிச்சை எடுத்தல் தடுப்புச் சட்டம், பொது இடத்தில் பாடி, ஆடி, குறி சொல்லி, வித்தை காட்டிக் காசு பெறுவதையும் பிச்சை என்றே வரையறுத்தது. அரங்கில் மல்லகம்பம் ஏறினால் வீரர். தெருவில் கழை ஏறினால் பிச்சைக்காரர், கைது செய்து இல்லத்தில் அடைக்கலாம். இந்தச் சட்டம் டெல்லி உட்படப் பல பகுதிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. பிச்சையைக் குற்றமாக்கும் அதன் பிரிவுகள் டெல்லியில் செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2018இல்தான். விடுதலை பெற்று எழுபத்தோரு ஆண்டுகள் கழித்து.

நடனத்துக்கும் இதே கதைதான். 2005இல் மராட்டிய அரசு மதுக்கூடங்களில் பெண்கள் ஆடுவதைத் தடை செய்தது. அந்தத் தடையிலிருந்து மூன்று நட்சத்திர விடுதிகளுக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் விலக்கு அளித்திருந்தது. வேலை இழந்த பெண்களில் பலர் நட், பேடியா போன்ற பரம்பரையாக ஆடிப் பிழைக்கும் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். நட் சமூகம் வடநாட்டின் கழைக்கூத்துச் சமூகம். ஒரே ஆட்டம் சின்ன மதுக்கூடத்தில் ஒழுக்கக்கேடு, நட்சத்திர விடுதியில் கேளிக்கை. இந்தப் பாகுபாடு செல்லாது என்று 2013இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

நம் ஊருக்குத் திரும்பினால் கரகாட்டம். திருவிழா ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு நீதிமன்றம் அனுமதி கொடுக்கும்போதெல்லாம் ஆபாச உடை கூடாது, ஆபாச நடனம் கூடாது என்ற நிபந்தனைகள் வழக்கமாக வருகின்றன. நிபந்தனை கலைஞரின் உடலுக்குத்தான். கூட்டத்தில் குடித்துவிட்டு அவர் சேலையை இழுக்கிறவனுக்கு என்று தனி நிபந்தனை எழுதப்படுவதில்லை. நாற்பதைத் தாண்டிவிட்டால் அந்தக் கலைஞருக்கு அழைப்பும் குறைகிறது. தலையில் கரகத்தை நிறுத்தி முப்பது ஆண்டுகள் பழகிய சமநிலை அவரோடு வீட்டில் முடங்குகிறது.

இப்போது ‘போல் டான்ஸ்’ உடைக்கு வருகிறேன், ஏனெனில் ஆபாசம் என்ற குற்றச்சாட்டு முதலில் அங்கேதான் விழுகிறது. எஃகுக் கம்பத்தில் துணி வழுக்கும், தோல்தான் பிடிக்கும். தொடையும் முழங்கை மடிப்பும் கம்பத்தில் நேராகப் படாவிட்டால் ஆள் கீழே விழுவார். ஆகவேதான் அரைக்கால் சட்டை. மல்லகம்பத்தில் ஆண் பிள்ளைகள் சின்னக் கால்சட்டையோடு, வெற்று மார்போடு ஏறுவதும் இதனால்தான். அதை எந்தப் பத்திரிகையும் ஆபாசம் என்று எழுதியதில்லை. பெண் உடல் என்றவுடன் இயற்பியல் மறந்து ஒழுக்கம் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

அதே நேரம், இந்தப் பயிற்சியை நடத்துகிறவர்களிடமும் எனக்கு ஒரு விமர்சனம் உண்டு. இன்றைய ‘போல் டான்ஸ்’ அசைவுகள் பெரும்பாலும் வட அமெரிக்காவின் ஆடை களையும் நடன விடுதிகளில் வேலை செய்த பெண்கள் உருவாக்கியவை. கடந்த பத்தாண்டின் நடுவில், உடற்பயிற்சிக்காக ஏறும் பெண்களில் சிலர் “நான் விடுதி நடனக்காரி அல்ல” என்ற முழக்கத்தோடு இணையத்தில் படங்கள் போட்டார்கள். விடுதி நடனப் பெண்கள் “ஆம், நான் அவள்தான்” என்று பதில் முழக்கம் எழுப்பினார்கள். கலையை எடுத்துக்கொண்டு, கொடுத்தவர்களைத் தள்ளி வைக்கும் இந்த வேலை நமக்குப் பழக்கமானது. சதிர் பரதநாட்டியம் ஆனதும் இப்படித்தான். 1935இல் பிரம்மஞான சபையின் விழாவில் ருக்மிணி தேவி அரங்கேறினார், அடுத்த ஆண்டு கலாக்ஷேத்ரா வந்தது, 1947இல் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உள்ளிட்ட சுயமரியாதை இயக்கத்தவர் அந்த அடிமைமுறையை எதிர்த்துப் போராடியது முற்றிலும் சரி. பெண்களை விடுவித்தது நம் இயக்கம். ஆனால் அவர்கள் விட்டுவந்த கலையைத் ‘தூய்மைப்படுத்தி’ எடுத்துக்கொண்டது பார்ப்பனியம். பரம்பரைக் கலைஞர்களுக்குப் பழி மட்டும் மிஞ்சியது. நகரத்துப் பயிற்சிக்கூடங்கள் “இது வேறு, அது வேறு” என்று கைகழுவும்போது அந்தத் தீட்டுக் கணக்கையே திரும்ப எழுதுகின்றன.

சரி, கூலிப் பெண்ணுக்கு இதில் என்ன இருக்கிறது? “காடு கழனியில் உழைக்கிறவளுக்கு எதற்கு உடற்பயிற்சி?” என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் பள்ளத்தாக்கின் வேலையைச் சொல்கிறேன். ஏலச் செடியில் காய் பிடிக்கும் சரம் தூரில், மண்ணை ஒட்டி வரும். காய் எடுக்கிறவள் நாள் முழுக்கக் குனிந்தோ குத்தவைத்தோதான் எடுக்க வேண்டும். திராட்சை நேர் எதிர். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பழம் தலைக்குமேல் பந்தலில் தொங்குகிறது. கவாத்தானாலும் பழம் வெட்டானாலும் கையைத் தூக்கியபடியே மணிக்கணக்கில் நிற்க வேண்டும். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக மலையேறி, பொழுது சாய்ந்து திரும்பி, பிறகு அடுப்பு. முழங்காலும் தோளும் நாற்பதிலேயே அறுபது ஆகிவிடுகின்றன.

இந்த உழைப்பு உடற்பயிற்சி ஆகாது. வேலையின் உடலுழைப்பும் ஓய்வு நேரத்தின் உடலியக்கமும் ஒரே பலனைத் தருவதில்லை என்பதை டென்மார்க் ஆய்வாளர்கள் ‘உடலியக்க முரண்’ என்று பெயரிட்டுப் பேசி வருகிறார்கள். 2018இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில், கடும் உடலுழைப்பு வேலை செய்யும் ஆண்களுக்கு முன்கூட்டிய இறப்பு அபாயம் 18 விழுக்காடு கூடுதலாகத் தெரிந்தது. பெண்களிடம் அப்படித் தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் காரணமாக அவர்கள் சொல்வது ஏலக்காட்டுக்கு அப்படியே பொருந்துகிறது: வேலையில் உடல் ஒரே நிலையில் நீண்ட நேரம் கிடக்கிறது, சுமையையும் வேகத்தையும் தானே தீர்மானிக்க முடிவதில்லை, தசை மீள்வதற்கு ஓய்வு இல்லை. பயிற்சியில் இவை மூன்றும் நம் கையில் இருக்கின்றன.

நடுவயதில் இது இன்னும் முக்கியம். முப்பதுகளுக்குப் பிறகு தசை மெல்லக் குறைகிறது. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நிற்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அதன்பின் எலும்பு அடர்த்தி வேகமாகக் குறைகிறது. தசைக்குச் சுமை கொடுத்தால் எலும்பும் தாக்குப்பிடிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நடைப்பயிற்சி போன்றவை வாரத்துக்கு 150 நிமிடங்கள் என்பதோடு, தசைக்கு வலு தரும் பயிற்சியும் வாரத்தில் இரண்டு நாள் வேண்டும் என்று இருக்கிறது. தொங்குவதும், உடலைத் தானே மேலிழுப்பதும், பிடியும், சமநிலையும் கம்பப் பயிற்சியில் ஒன்றாகக் கிடைக்கின்றன. தேய்ந்த தோளோடு முதல் நாளே தலைகீழாகத் தொங்க முடியாது. தரையில் கால் ஊன்றியபடி கம்பத்தைப் பிடித்துச் சாய்வதில் தொடங்கி, மாதக்கணக்கில் படிப்படியாகத்தான் போக வேண்டும். எலும்பு தேய்மானம் இருக்கிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறக் கூடாது.

ஐம்பது வயதுப் பெண் ஒருவர் கம்பத்தில் ஏறும் காணொளியை எங்கள் தெருப் பெண்களிடம் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். “ஏண்டி, நாங்க ஏறாத மலையா? இதுல கம்பி வேற ஏறணுமாக்கும்” என்றார் சின்னம்மா. சிரிப்பு அடங்கிய பிறகு மதினி ஒருவர் மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார். “இப்பிடித் தொங்கணும்னா கையில பிடி இருக்கணும். பிடி நமக்கு இருக்கு. தோளுதான் போச்சு” என்றார். இன்னொருவர், “எம்புட்டு நேரம் பழகுறாக?” என்று கேட்டார். வாரத்துக்கு மூன்று மணி நேரம் இருக்கும் என்றேன். “அந்த மூணு மணி நேரத்துக்கு யாரு கூலி குடுப்பா?” என்றார் அவர். யாரும் ஆபாசம் என்று சொல்லவில்லை. அவர்கள் கண்ணில் பட்டது பிடி, தோள், நேரம்.

அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில், சாதி வேலைகளைப் பிரிப்பதோடு நிற்கவில்லை, வேலை செய்கிறவர்களையே அடுக்காகப் பிரிக்கிறது என்று வாதிட்டார். அதன் ஒரு பகுதியை எங்கள் தெருவில் பார்க்கிறேன். சாதி உழைப்பை ஒருவர் தலையிலும் ஓய்வை இன்னொருவர் மடியிலும் வைத்திருக்கிறது. ஒருவரின் உடல் மற்றவருக்காக அசையும், இன்னொருவரின் உடல் தனக்காக அசையும். தன் உடலைத் தன் விருப்பத்துக்காக மட்டும் அசைக்கும் ஒரு மணி நேரம் இந்தப் பள்ளத்தாக்கின் தலித் கூலிப் பெண்ணுக்கு வாழ்நாளில் கிடைப்பதில்லை. சிறுவயதில் பாண்டி ஆடியதோடு சரி.

வசதி இல்லை என்று மட்டும் சொல்ல முடியாது. ஊராட்சிகளில் அரசு உடற்பயிற்சிக் கூடம் அமைக்கும் திட்டம் 2016இல் அறிவிக்கப்பட்டுப் பல ஊர்களில் கட்டப்பட்டது. எனக்குத் தெரிந்த ஓர் ஊரில் அது ஊர்ப் பக்கம், கோயிலை ஒட்டி இருக்கிறது. காலனிப் பையன்களே தயங்கித்தான் போகிறார்கள், பெண்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. நகரத்தில் ஒரு தனியார் நிலையத்தில் விசாரித்தேன். பெண்களுக்கான நேரம் காலை பதினொன்று முதல் ஒன்று வரை என்றார்கள். அந்த நேரத்தில் எந்தக் கூலிப் பெண் ஊரில் இருப்பார்? பெயர் எழுதும்போது “எந்தத் தெரு?” என்ற கேள்வியும் வந்தது. எடை தூக்குவதற்கும் தெருவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன், பதில் இல்லை.

ஆகவே தோழர்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். ‘மேட்டுக்குடிச் சமாச்சாரம்’ என்று ஒதுக்கும் ஒவ்வொன்றையும் மேட்டுக்குடிக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். உணவு, உடை, கல்வி, கோயில், தெரு எல்லாவற்றிலும் பங்கு கேட்ட இயக்கம், உடலின் மகிழ்ச்சியில் மட்டும் பங்கு கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை. இதற்குக் கேட்க வேண்டிய பங்குகள் தெளிவாகவே இருக்கின்றன.

ஊராட்சி உடற்பயிற்சிக் கூடங்களில் கூலி வேலை முடிந்து வரும் பெண்களுக்கென மாலை நேரத்தை ஒதுக்க வேண்டும், பெண் பயிற்சியாளர் இருக்க வேண்டும். கூடம் இனிமேல் கட்டப்பட்டால் காலனியிலும் கட்டப்பட வேண்டும். ஒரு கம்பமும் தொங்குவதற்கு ஒரு குறுக்குக் கம்பியும் பெரிய செலவல்ல. கழைக்கூத்துச் சமூகத்தாரையும் கரகாட்டக் கலைஞர்களையும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஊதியத்தோடு பயிற்றுநர்களாக எடுக்க வேண்டும். சமநிலையைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்தச் சான்றிதழ்காரருக்கும் தெரியாது. அவர்கள் வீட்டுக் குழந்தைகள் பசிக்காகக் கழை ஏறும் நிலை ஒழிந்து, பள்ளிக்குப் போய், விரும்பினால் மட்டும் பதக்கத்துக்காக ஏற வேண்டும். நகரத்தின் பயிற்சிக்கூடங்கள் இந்த அசைவுகள் யாரிடமிருந்து வந்தன என்பதைச் சுவரில் எழுதி வைக்கட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. தோட்ட வேலையின் நேரத்தைக் குறைக்க வேண்டும், மலையேறி இறங்கும் ஜீப் பயண நேரத்தையும் வேலை நேரத்தில் சேர்க்க வேண்டும். “அந்த மூணு மணி நேரத்துக்கு யாரு கூலி குடுப்பா?” என்ற கேள்விக்கு அரசும் தோட்ட முதலாளிகளும் பதில் சொல்லும் வரை, எங்கள் தெருவில் நட்ட எந்தக் கம்பமும் துணி காயப்போடத்தான் பயன்படும்.